ஒன்பது அடிப் பலகைக்கு ஒரு வண்டி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் விடியற்காலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது, காரின் கூரையில் கட்டியிருந்த என் அலைச்சறுக்குப் பலகை நகர்ந்து திரும்பும் சத்தம் தலைக்கு மேல் கேட்டது. கழிமுகத்துப் பக்கமிருந்து அடித்த மேல்காற்று முன்பக்கத்துப் பட்டையைத் தளர்த்திவிட, ஒன்பது அடிப் பலகை பின்பக்கத்து ஒற்றைப் பட்டையில் தொங்கியபடி சாலைக்குக் குறுக்கே நீட்டி நின்றது. எனக்குச் சற்றுப் பின்னால், வலப்புறமாக, மீன்கூடை கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் வேகத்தைக் குறைத்ததால்தான் அன்று ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓரம் கட்டி, அவரிடம் மன்னிப்புக் கேட்டு, கை நடுங்கப் பலகையை மறுபடி கட்டிக்கொண்டு கோவளம் போய்ச் சேர்ந்தேன். கடலில் இறங்காமலே திரும்பினேன். இனி இந்தப் பலகை வண்டிக்கு உள்ளே வரும், இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கும் என்று அன்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவிலிருந்து பொருத்தமான வண்டியை வாங்குவது வரை ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன். நம் ஊரில் இந்தக் கேள்வியோடு வண்டி பார்க்கப் போகிறவர்கள் இன்னும் குறைவு. விற்பனையாளரிடம் கேட்டாலும் விடை கிடைப்பதில்லை. எத்தனை பேர் உட்காரலாம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கும், டிக்கியின் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறவர்களிடம், "முன்னால் டேஷ்போர்டிலிருந்து பின்னால் டிக்கி கதவு வரை, நடுவில் எதுவும் இடிக்காமல், நேர்கோட்டில் எவ்வளவு நீளம் இருக்கிறது?" என்று கேட்டால், சிறிது நேரம் யோசித்துவிட்டு வண்டியின் வெளி நீளத்தைச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த நேர்கோடு மட்டும்தான்.

சிறிய பலகைக்கு மாறிவிட்டால் என்ன என்று பலர் கேட்டார்கள். ஆறடிப் பலகை எந்த ஹேட்ச்பேக்கிலும் படுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சென்னைக்குத் தெற்கே உள்ள கரையில், ஆண்டின் பல மாதங்களில் அலை இடுப்பளவுக்கு மேல் எழுவதில்லை. தென்கோடிக் கடலில் கிளம்பும் நீண்ட அலைகள் வந்து சேரும் மே முதல் செப்டம்பர் வரையிலான காலத்திலும், வடகிழக்குப் பருவத்தின் கொந்தளிப்பிலும் கடலுக்கு வேறு முகம் உண்டு. மற்ற நாட்களில் மெல்ல உருண்டு வரும் சிறு அலையை முன்கூட்டியே துடுப்பிட்டுப் பிடிக்க, மிதப்பு நிறைந்த நீளமான பலகைதான் கைகொடுக்கும். நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு அது கூடுதல் உண்மை. உலகப் போட்டிகளின் விதிப்படி குறைந்தது 9 அடி இருந்தால்தான் அது லாங்போர்டு. என் பலகை சரியாக அந்த 9 அடி, அதாவது 274 சென்டிமீட்டர். அகன்ற இடத்தில் 57 சென்டிமீட்டர், கனம் ஏழரை சென்டிமீட்டர். பஞ்சு வைத்துத் தைத்த உறையைப் போட்டால் நீளம் 280-ஐத் தாண்டிவிடும். பலகையை மட்டும் அளந்து வண்டி பார்க்கப் போனவன் நான். உறையோடு அளக்க வேண்டும் என்பது இரண்டாவது வாரத்தில்தான் உறைத்தது.

பலகையைக் கடற்கரையிலேயே ஒரு பயிற்சிப் பள்ளியில் வைத்துவிட்டு வரும் வழியும் உண்டு. கோவளத்துக்கு மட்டும் போகிறவர்களுக்கு அதுவே நல்ல வழி. எனக்கு ஒரு வாரம் கோவளம், ஒரு வாரம் மாமல்லபுரம், விடுமுறை கிடைத்தால் புதுச்சேரியின் செரினிட்டி கடற்கரை, ஆண்டுக்கு ஒரு முறையாவது திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு என்று போய்வரும் பழக்கம். மணப்பாடு சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரம் பலகையைக் கூரையில் வெயிலும் காற்றும் அறைய விட்டுக்கொண்டு போக இனி மனம் ஒப்பவில்லை. கூரைப் பயணத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. என் பழைய காரில் இரும்புத் தாங்கி இல்லாததால், நுரைத் திண்டுகளை வைத்து, கதவுகளின் வழியாகப் பட்டையை உள்ளே இழுத்துக் கட்டுவேன். மழை வந்தால் அந்தப் பட்டை வழியே தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஊறி, உள்ளே இருக்கிறவர் மடியில் சொட்டும். என் அம்மா ஒரு முறை புதுச்சேரி வரை ஒரு துண்டை மடியில் விரித்தபடியே வந்தார்.

நீளமான பலகையும் நீளமான வண்டியும் சேர்ந்தே வளர்ந்த ஊர்கள் உண்டு. கலிபோர்னியாவில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய ஸ்டேஷன் வேகன்களையும், பிறகு 1950 முதல் வந்த ஃபோக்ஸ்வேகன் வேனையும் அலையேறிகள் தேடி வாங்கியதற்கு அழகைவிட அளவே முதல் காரணம். அன்றைய பலகைகள் பெரும்பாலும் ஒன்பது, பத்து அடி நீளமானவை. 1960-களின் பிற்பகுதியில் பலகைகள் சட்டென்று குறுகிய பிறகுதான் சிறிய கார்களிலும் அவை ஏறத் தொடங்கின. ஜப்பானில் இன்றும் டொயோட்டா ஹையேஸ் வேன்தான் அலையேறிகளின் பிரியமான வண்டி. இலங்கையின் அறுகம்பேயில் ஆட்டோவின் பக்கவாட்டிலோ கூரையிலோ பலகையைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். கோவளத்துப் பையன்கள் ஸ்கூட்டரின் பக்கத்தில் கொக்கி வைத்து ஒற்றைக் கையால் பிடித்தபடி ஊருக்குள் ஓட்டுகிறார்கள். அந்த ஒரு கிலோமீட்டருக்கு அது சரி.

இந்தியச் சந்தையின் நிலைமை வேறு. 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், நீளம் 4 மீட்டரைத் தாண்டாத, பெட்ரோல் என்றால் 1200 சிசிக்கும் டீசல் என்றால் 1500 சிசிக்கும் உட்பட்ட என்ஜின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை அந்த நான்கு மீட்டர் கோட்டுக்குள்ளேயே தங்களைச் சுருக்கிக்கொண்டன. நான்கு மீட்டரில் பானெட்டும் என்ஜினும் ஏறக்குறைய ஒரு மீட்டரை எடுத்துக்கொள்ளும். டேஷ்போர்டின் ஆழமும் டிக்கி கதவின் கனமும் போனால் இருக்கை மட்டத்தில் இரண்டரை மீட்டர் மிஞ்சுவதே பெரிது. உறை இல்லாமலே என் பலகைக்கு வேண்டியது 2.74 மீட்டர். நீளப் பின்புறம் கொண்ட ஸ்டேஷன் வேகன்கள் நம்மிடம் வராமலில்லை. 1992-இல் டாடா எஸ்டேட், 2004-இல் இண்டிகோ மரீனா என்று வந்து, வாங்குவோர் குறைந்து, நின்றுபோயின. இன்று மரீனா நல்ல நிலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். நான் பார்த்த இரண்டும் கதவின் அடிப்பகுதி துருப்பிடித்து உதிர்ந்த நிலையில் இருந்தன.

இனி அளக்கும் முறைக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் தவறினேன், இதில்தான் அதிகம் கற்றேன்.

முதலில் இஞ்சு டேப்பும், அதன் பிறகு சரியாக ஒன்பது அடிக்கு வெட்டிய ஒரு மூங்கில் கழியும் எடுத்துக்கொண்டு போனேன். கழி எல்லா வண்டியிலும் நுழைந்தது. நான்கு மீட்டருக்குக் குறைவான வண்டிகளில்கூட, இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலைக்குக் குறுக்காக வைத்தால் உட்கார்ந்துகொண்டது. மகிழ்ச்சியில் ஒரு வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் நிலைக்குப் போய்விட்டேன். பள்ளியில் படித்த பிதாகரஸ் கணக்கு அன்று இரவு காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்நீளம் 260 சென்டிமீட்டரும் அகலம் 130 சென்டிமீட்டரும் உள்ள இடத்தில் மூலைவிட்டம் 290-ஐத் தாண்டும். ஆனால் அந்த 290 கழிக்குத்தான் கிடைக்கும். 57 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையைக் குறுக்காகத் திருப்பினால், அதன் தோள்கள் மூலைக்குப் போகும் முன்பே இருபுறச் சுவரிலும் முட்டி நின்றுவிடும். பலகையின் முனைகள் வளைவாக இருப்பதால் சில அங்குலம் கிடைக்குமே தவிர, முப்பது சென்டிமீட்டர் கிடைக்காது. மேலும் குறுக்காக வைத்தால் ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவரும் உட்கார முடியாது.

சரி, ஒரு முனையைத் தூக்கிச் சாய்வாக வைக்கலாமே என்றால், அதிலும் கணக்கு ஏமாற்றுகிறது. 265 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு முனையை அரை மீட்டர் உயர்த்தினால் கிடைக்கும் சாய்நீளம் 270. அரை மீட்டர் தூக்கியதற்குப் பலன் ஐந்து சென்டிமீட்டர். சாய்வால் நீளம் கூடுவதில்லை, தடைகளைத் தாண்டிப்போகத்தான் அது உதவும். ஆகவே வண்டியின் உள்ளே, இடது பக்கமாக, முன்னிருந்து பின்னாக ஓடும் நேர்நீளம் பலகையின் நீளத்துக்கு ஈடாக இருந்தே ஆக வேண்டும். மற்ற வழிகள் எல்லாம் இரண்டு மூன்று அங்குலத்துக்கான பேரங்கள்.

கழியை ஓரமாக வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, பலகையைத் தரையில் கவிழ்த்து, அதன் விளிம்பையொட்டிப் பென்சிலால் கோடிட்டு, அதே வடிவத்தில் அட்டையை வெட்டினேன். ஒரே அட்டை நீளம் போதாமல் இரண்டை ஒட்ட வேண்டியிருந்தது. வளையாமலிருக்கவும் கனம் சரியாக இருக்கவும் நடுவில் தெர்மோகோல் பட்டைகளை ஒட்டி ஏழரை சென்டிமீட்டராக்கினேன். நடுவில் மடித்து ஸ்கூட்டரிலேயே கொண்டுபோகலாம், அங்கே போய் விரித்து டேப் ஒட்டினால் பலகை தயார். பழைய வண்டி விற்கிறவர்கள் முதலில் வியப்போடு பார்த்தார்கள். பிறகு அவர்களே இருக்கையை மடக்கிக் காட்டவும் கதவைப் பிடிக்கவும் வந்தார்கள். உண்மையான பலகையை எடுத்துப்போய் மற்றவர் வண்டியின் கதவு விளிம்பில் இடித்துக்கொள்ளாமல், வடிவம் மாறாமல் சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த அட்டைப் பலகையோடு பார்த்த வண்டிகளில் மாருதி ஈகோ முதலாவது. வெளி நீளம் 3675 மில்லிமீட்டர்தான் என்றாலும் பானெட் மிகக் குறுகியது, பெட்டி போன்ற உடல், பக்கத்தில் தள்ளு கதவு. பழைய ஆம்னியைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அந்த உருவத்தின் மேல் தனிப் பாசம் உண்டு. ஆனால் என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் அந்த இருக்கைகள் உயரமானவை. அவற்றின் மேல் படுத்த அட்டையின் நுனி டேஷ்போர்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. தனியாகப் போகிறவர், பின் இருக்கையைப் பற்றிக் கவலைப்படாதவர் என்றால் ஈகோவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சரக்கு ஏற்றும் ஈகோவும் உண்டு. அது சரக்கு வாகனமாக மஞ்சள் எண் பலகையோடு பதிவாகும் என்பதால் குடும்ப வண்டியாக எனக்கு ஒத்துவரவில்லை. பயணிகள் வண்டியை வாங்கி இருக்கைகளைக் கழற்றிவிடலாம் என்ற யோசனையையும் கைவிட்டேன். இருக்கைகளின் எண்ணிக்கை பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. அதிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது.

ரெனோ ட்ரைபர் 3990 மில்லிமீட்டருக்குள் ஏழு பேரை உட்கார வைக்கும் வண்டி. மூன்றாம் வரிசை இருக்கைகள் கழற்றி எடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால் பின்புறம் அருமையாகத் திறந்துகொள்கிறது. எட்டடிப் பலகை வைத்திருப்பவர்களுக்கு இதையே சொல்வேன். டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா 4735 மில்லிமீட்டர், நீளம் தாராளம். ஆனால் அதன் மூன்றாம் வரிசை இருக்கைகள் இரண்டாகப் பிரிந்து பக்கச் சுவரோடு மேலே மடங்கி நிற்பவை. நீளம் இருந்தும் பலகைக்கு வேண்டிய இடது ஓரத்தில் அந்த மடிந்த இருக்கை வந்து நிற்கிறது. பலகையை நடுவுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. விலையும் என் கைக்கு எட்டவில்லை. 2020-இல் நம்மிடம் வந்த கியா கார்னிவல் 5115 மில்லிமீட்டர். அதில் என் பலகையோடு இன்னொரு பலகையும் போகும். ஆனால் எங்கள் தெருவில் அது திரும்பாது, கோவளம் மீனவர் குப்பத்துச் சந்துகளிலும் திரும்பாது. வலை உலர்த்தும் இடத்தையும் படகு நிற்கும் இடத்தையும் அடைத்துக்கொண்டு நம் வண்டி நிற்பது முறையல்ல. கடலுக்குப் போகிற வண்டியின் அகலத்தையும் திரும்பும் வட்டத்தையும் இதற்காகவே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த அலைச்சலில், நீளத்தைவிட இருக்கைகள் மடங்கும் விதம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது தெளிவாயிற்று. சில வண்டிகளில் நடு வரிசை இருக்கை மடிந்ததும் முன்பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்து, முன் இருக்கையின் முதுகில் சாய்ந்து நிற்கும். மூன்றாம் வரிசைக்கு ஏறி இறங்க அது வசதி. பலகைக்கு அது குறுக்கே எழுப்பிய சுவர். முதுகுச் சாய்வு மட்டும் முன்னால் படுத்து, இருக்கை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அடுத்து, நடு வரிசை அறுபதுக்கு நாற்பது என்று பிரியும்போது, ஒற்றை இருக்கை எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். நமக்கு ஓட்டுநர் வலப்புறம், ஆகவே பலகை இடப்புறம். ஒற்றை இருக்கையும் இடப்புறம் இருந்தால்தான் ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார முடியும். எனக்கு அந்த இரண்டு பேர் அம்மாவும் மகளும். முன் இருக்கையின் தலைச்சாய்வு கழற்றக்கூடியதா, கழற்றியபின் அதன் முதுகு பின்னால் எவ்வளவு தூரம் படுக்கிறது என்பது மூன்றாவது. இதை விளம்பரத் தாளில் யாரும் எழுதுவதில்லை. உட்கார்ந்து நெம்புகோலை இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எரிவாயு வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிஎன்ஜியின் செலவு குறைவு என்பதால் நானும் ஆசைப்பட்டேன். ஆனால் இத்தகைய வண்டிகளில் உருளை பெரும்பாலும் டிக்கியின் தரையில்தான் இருக்கும். அது பலகையின் பின்முனையை உயர்த்திவிடும். அப்படி உயர்ந்த முனை பின்கண்ணாடியின் சரிவில் முட்டும்.

கடைசியில் நான் வாங்கியது 2019-ஆம் ஆண்டின் மாருதி எர்டிகா, பெட்ரோல் வண்டி, ஒருவர் ஓட்டியது. வெளி நீளம் 4395 மில்லிமீட்டர். கடைசி வரிசை தட்டையாகப் படுத்துவிடுகிறது, நடு வரிசையின் முதுகும் அதற்குத் தொடர்ச்சியாகப் படுக்கிறது. அட்டையை நுழைத்துப் பார்த்தபோது, அது நுழைந்தும் டிக்கி கதவு கடைசி இரண்டு விரல் அளவுக்கு மூடவில்லை. விற்கிறவர் முகம் வாடியது, என் முகமும்தான். அட்டையின் படத்தைக் கோவளத்தில் எனக்கு அலையேறக் கற்றுக்கொடுத்த இளைஞருக்கு அனுப்பினேன். கட்டுமரத்தில் தந்தையோடு கடலுக்குப் போய் வளர்ந்தவர் அவர். பலகையைப் பற்றிய எதற்கும் அவரிடம் விடை உண்டு. உடனே போனில் கூப்பிட்டு, "அண்ணே, மூக்கை ஏன் முன்னால விடுறீங்க? வாலை விடுங்க," என்றார்.

அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. லாங்போர்டின் மூக்கு அகன்ற வட்டம். வால் அதைவிட நன்றாகக் குறுகியது. மூக்கை முன்னால் விட்டால் அது டேஷ்போர்டுக்குக் கீழே, பயணி கால் வைக்கும் குழிக்குள் இறங்காமல் வாயிலேயே நின்றுவிடுகிறது. வாலை முன்னால் விட்டால் அந்தக் குழிக்குள் சறுக்கி இறங்கிவிடுகிறது. பலகை முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் படுக்கிறது. மேல்நோக்கி வளைந்த மூக்கு பின்கண்ணாடியின் சரிவுக்கு ஏற்றபடி அமைந்துகொள்கிறது. இதற்கு ஒரே நிபந்தனை, வாலுக்கு அடியில் இருக்கும் துடுப்பை முதலில் கழற்றிவிட வேண்டும். நடுவில் ஒற்றைத் துடுப்பு உள்ள பலகையில் அது ஒரே ஒரு திருகுதான். அட்டையைத் திருப்பி நுழைத்தோம். கதவு மூடியது. மூடியபின் கையை விட்டுப் பார்த்தேன், நான்கு விரல் இடைவெளி இருந்தது. கொடுக்க நினைத்த முன்பணத்தை அங்கேயே கொடுத்தேன்.

பலகை உள்ளே வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கக் கூடாது. கூரையில் இருந்தபோது அது பிறருக்கு ஆபத்து. உள்ளே கட்டாமல் கிடந்தால் நமக்கே ஆபத்து. ஏழு எட்டு கிலோ எடையுள்ள பொருள், 80 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று பிரேக் போட்டால், அதே வேகத்தில் முன்னால் பாயும். ஆகவே முன் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பலகையின் மேலே இழுத்து மாட்டுகிறேன். நடு வரிசையில் ஒரு பட்டையைத் தரையிலுள்ள கொக்கிகளோடு சேர்த்துக் கட்டுகிறேன். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் முன் இருக்கைக்கும் பெல்ட் நினைவூட்டும் ஒலி கட்டாயமாக்கப்பட்டது. பலகையின் எடையை ஆள் என்று எண்ணி அது ஒலிப்பதும் உண்டு, பெல்ட்டை மாட்டினால் நின்றுவிடும். காற்றுப்பை விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். டேஷ்போர்டின் மேல், பயணிக்கான காற்றுப்பை இருக்கும் மூடியின் மீது, பலகையின் எந்த முனையையும் சாய்த்து வைக்கக் கூடாது; அது வெடித்து விரியும் வேகத்தில் பலகை ஓட்டுநரின் பக்கமோ பின்னால் இருப்பவர்கள் பக்கமோ எறியப்படும். வால் கீழே குழிக்குள் இறங்கியிருப்பதால் எனக்கு அந்த மூடி திறந்தே இருக்கிறது. பலகையைக் கூரையை ஒட்டிப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைப்பவர்களும் உண்டு. ஆறு காற்றுப்பை உள்ள வண்டியில் திரைபோல் இறங்கும் பக்கக் காற்றுப்பைகளின் வழியை அது மறைக்கும் என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இடது பக்கக் கண்ணாடி ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைக் கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்கிறேன். பலகை படுத்த நிலையில் தெரிகிறது.

அடுத்த எதிரி வெயில். வெளியே 38 டிகிரி இருக்கும் நாளில், மூடிய வண்டிக்குள் 55 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேல்பக்கம் தேய்க்கும் மெழுகு உருகி இருக்கைத் துணியில் இறங்கினால் எடுப்பது கடினம். அதைவிடப் பெரிய இழப்பு பலகைக்கே நேரும். உள்ளே தெர்மோகோல் போன்ற நுரையும் வெளியே எப்பாக்ஸிப் பூச்சும் கொண்ட பலகைகளில், சூட்டில் நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, கண்ணாடியிழைத் தோல் கொப்புளம்போல் எழும்பிப் பிரிந்துவிடும். எழும்பிய தோல் தானாகப் படியாது. அதனால் நீராடி முடித்ததும் பலகையை வண்டியில் வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போகும் பழக்கத்தை விட்டுவிட்டேன். சாப்பிடும் நேரம் வரை அது கொட்டகை நிழலில் நிற்கும், கிளம்பும்போதுதான் ஏறும். ஏறியபின் மெழுகுப் பக்கத்தை மேலாக வைத்து, அதன் மேல் அப்பாவின் பழைய நான்கு முழ வேட்டியை இரண்டாக மடித்து விரிக்கிறேன். வெள்ளைத் துணி வெயிலை உள்ளே இழுக்காது, உருகிய மெழுகையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

உப்புநீர் பற்றி நான் இன்னும் முழுத் திருப்தி அடையவில்லை. தார்ப்பாய் விரித்துத்தான் ஏற்றுகிறேன், ஏற்றும் முன் இரண்டு வாளி நல்ல தண்ணீரால் பலகையைக் கழுவியும் விடுகிறேன். அப்படியும் தார்ப்பாயின் ஓரத்தில் தேங்கும் சில துளிகள் இருக்கை நகரும் தண்டவாளத்தில் இறங்கிவிடுகின்றன. எட்டாவது மாதத்தில் அந்தத் தண்டவாளத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. இப்போது தார்ப்பாயின் நான்கு ஓரத்தையும் உள்பக்கம் சுருட்டிக் கிளிப் மாட்டித் தட்டுபோல் ஆக்கிவிடுகிறேன், மாதம் ஒரு முறை தண்டவாளத்தைத் துடைத்து கிரீஸ் வைக்கிறேன். பழைய வண்டியைக் கடலோர ஊரில் வாங்குகிறவர்கள் இந்த இடத்தையும், டிக்கியில் உதிரிச் சக்கரம் இருக்கும் குழியையும், கதவுகளின் அடிவிளிம்பையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

சென்ற மாதம் மகளுக்கு எட்டடி நுரைப் பலகை வாங்கினோம். மாமல்லபுரத்தில் 2023-இல் நடந்த சர்வதேசப் போட்டியைக் கரையில் நின்று பார்த்ததிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்குமா என்பதுதான் எனக்கிருந்த கவலை. அவளே மீதமிருந்த அட்டையில் இன்னொரு வடிவத்தை வெட்டி, முன்தினம் மாலையே வண்டியில் வைத்துப் பார்த்துவிட்டாள். பெரியது கீழே, வால் முன்னால். அதன் மேல் வேட்டி. அதன் மேல் சிறியது, அதுவும் வால் முன்னால், அரை அடி பின்தள்ளி. இரண்டின் துடுப்புகளும் திருகாணிகளும் ஒரு டப்பாவில், ஓட்டுநர் கதவின் பையில். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு அம்மா எனக்குப் பின்னால் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் நீளும் இரண்டு பலகைகளின் மேல் கையை வைத்துக்கொண்டார். முட்டுக்காடு பாலத்தில் காற்று அன்றும் பலமாகத்தான் அடித்தது.